ஏழாம் தேதி வாங்குகிறவர்

அத்தியாயம் 14

ஏழாம் தேதி வந்தால் அந்த வீட்டில் காலை ஒன்பதரைக்கு மேல் யாரும் சத்தமாகப் பேச மாட்டார்கள். அலமாரி மேல் சார்ஜரோடு கிடக்கும் அப்பாவின் பழைய போன் 'டிங்' என்று ஒரே ஒரு முறை அடிக்கும். அந்த ஒரு சத்தத்துக்காகத்தான் அம்மா மாதத்தின் மற்ற நாட்களையெல்லாம் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

அப்பா போய்ப் பதினொரு மாதம் ஆகிறது. முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த மனிதர். கையில் எண்ணெய்க் கறை போகாத அந்த மனிதருக்குக் கடைசி எட்டு வருஷமாகப் பங்குச் சந்தைப் பைத்தியம் பிடித்திருந்தது. அதுவும் ஒரே கம்பெனி மேல். லிஃப்டைத் தூக்கி இறக்கும் இரும்புக் கம்பிக் கயிறு செய்கிற கம்பெனி. "இந்தக் கயிறு அறுந்து நான் பார்த்ததே இல்ல. இதைவிட எனக்கு என்ன ஜோசியம் வேணும்?" என்பார். மாதாமாதம் ஏழாம் தேதி ஐயாயிரத்துக்கு அந்தப் பங்கு தானாகவே வாங்கப்பட வேண்டும் என்று போனில் ஏற்பாடு செய்து வைத்திருந்தார்.

அந்த ஏற்பாட்டை நிறுத்த வேண்டுமானால் அவர் இறந்துவிட்டார் என்று யாராவது போய்ச் சொல்ல வேண்டும். யாரும் சொல்லவில்லை. அதனால் அவர் வாங்கிக்கொண்டே இருந்தார்.

டிங்.

அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டாள். செய்தியைக் கையெட்டும் தூரத்தில் பிடித்துப் படித்தாள்.

"இருபத்தி மூணு!" என்றாள். "அவர் என்னைக்காவது ஒரே மாசத்துல இருபத்தி மூணு வாங்கியிருக்காரா? போன வருஷம் எல்லாம் பதினொண்ணு, பத்துன்னு இழுத்துக்கிட்டு இருந்தது."

சமையலறை வாசலில் நின்ற மூத்த மகள் பெரியவள் சரி சரி என்று தலையாட்டினாள். முப்பத்தெட்டு வயது, கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை, அம்மாவோடு இந்த வாடகை வீட்டில் வாசம். நானூற்றிருபதில் இருந்த பங்கு இருநூற்றுப் பதினைந்துக்கு வந்தால் அதே ஐயாயிரத்துக்கு எண்ணிக்கை கூடத்தானே செய்யும்! அதை அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு யாரால் சொல்ல முடியும்?

பெரியவள் யாரிடமும் சொல்லாத விஷயம் இன்னொன்றும் இருந்தது. அப்பா போன முதல் மாதமே வங்கியிலிருந்து அந்தப் போனுக்கு ஒரு செய்தி வந்தது, கணக்கில் பணம் போதாது என்று. பணம் இல்லையென்றால் ஏழாம் தேதி 'டிங்' வராது. சம்பளம் வாங்கிய கையோடு ஐயாயிரத்தை அந்தக் கணக்குக்கு அனுப்பினாள். அன்றிலிருந்து ஒவ்வொரு இரண்டாம் தேதியும் அனுப்புகிறாள். கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவளின் சொந்தக் கண்ணாடி காது மடிப்பில் உடைந்து பசை போட்டு ஒட்டியிருப்பதன் ரகசியம் இதுதான். முதலாளி கேட்டால், "ராசியான ஃபிரேம்" என்பாள்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. தம்பி. ஏழாம் தேதியானால் அவனும் வந்துவிடுவான். பத்து மாதமாக மனைவியோடு வந்தான். இன்று தனியாக, கையில் ஒரு கவரோடு வந்தான்.

போன வாரம் டீச்சர் இரண்டு பைகளோடு படியிறங்கிப் போனதை நாம் பார்த்தோம். டீச்சர் என்றால் தம்பியின் மனைவி. பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள். மாமனார் வைத்த பெயர் வீட்டில் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. "மாமாவோட பங்கை வித்து வீட்டுக் கடன்ல கட்டிடலாம், இன்னும் விழறதுக்குள்ள" என்று அவள் சொல்ல, "எங்க அப்பா சம்பாதிச்சதைத் தொட நீ யாரு?" என்று தம்பி கத்த, அவள் பதில் பேசாமல் பையை எடுத்தாள். தன் அக்கா வீட்டில் இருக்கிறாளாம்.

"உக்காருடா. இருபத்தி மூணு வந்திருக்கு," என்றாள் அம்மா.

தம்பி உட்காரவில்லை.

"அம்மா, பேங்க்ல இருந்து கடைசி லெட்டர். மாசத் தவணை வட்டிக்கே பத்தலையாம். இருபதாம் தேதிக்குள்ள அசல்ல நாலு லட்சம் கட்டணும். இல்லன்னா வீட்டை ஏலத்துக்கு விடறதா போட்டிருக்கு."

அவன் ஃபிளாட் வாங்கும்போது வட்டி தரையில் கிடந்தது. ஏறி இறங்கும் வட்டிதான் லாபம் என்று எல்லாரும் சொன்னார்கள், இவனும் கையெழுத்துப் போட்டான். பிறகு அது ஏறத்தான் ஏறியது, இறங்க மறந்துவிட்டது. வட்டி ஏறவும் கட்டடம் கட்டுகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். கட்டடம் இல்லாமல் லிஃப்ட் ஏது, லிஃப்ட் இல்லாமல் கயிறு ஏது? அப்பாவின் பங்கு சரிந்தது. புது வீடுகளுக்குச் சமையலறை அலமாரி செய்து பிழைக்கும் தம்பியின் பட்டறையிலும் ரம்பம் நின்றது. ஒரே வட்டி ஒரே குடும்பத்தை மூன்று பக்கமும் நின்று அடித்தது.

"நாலு லட்சத்துக்கு நான் எங்கடா போவேன்?" என்றாள் அம்மா.

தம்பி அலமாரியைப் பார்த்தான். "அப்பாவோட பங்கு ஆயிரத்தித் தொள்ளாயிரம் இருக்கும்மா. இன்னைய விலைக்கு வித்தா நாலு லட்சம் தேறும். அடுத்த வாரம் தேறுமான்னு தெரியாது."

டீச்சர் சொன்ன அதே வார்த்தை. பெரியவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. தம்பி முகத்தில் மூன்று நாள் தாடி. பேசாமல் விழுங்கிக்கொண்டாள்.

"அது எப்படி?" என்றாள் அம்மா நிதானமாக. "இன்னைக்குக்கூட அவர் வாங்கியிருக்கார். வாங்குறவர் வாங்கிட்டு இருக்கும்போது நாம எப்படி விக்கிறது?"

"அம்மா..."

"கேட்டா என்ன நினைப்பார்?"

"அப்பா செத்துட்டாரும்மா!"

கத்தியவனே பயந்துபோனான். பதினொரு மாதமாக அந்த வீட்டில் அந்தச் சொல்லை யாரும் எடுத்ததில்லை. 'அதுக்கப்புறம்', 'அந்தச் சமயத்துல' என்று சுற்றி வளைத்தே பேசப் பழகியிருந்தார்கள். பெரியவள் கையிலிருந்த டீ டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். தம்பியை ஓங்கி ஓர் அறை விடலாமா என்று இருந்தது. அவனைக் கட்டிக்கொண்டு அழலாமா என்றும் இருந்தது.

அம்மா எழுந்தாள். அலமாரியின் அடித்தட்டில் துணிகளுக்குக் கீழே கைவிட்டு ஒரு பழுப்புக் கவரை எடுத்தாள். அப்பாவின் இறப்புச் சான்றிதழ். வந்த நாளிலிருந்து ஒட்டுப் பிரியாமல் கிடந்தது.

"அந்தப் பங்கு ஆபீஸ் எத்தனை மணிக்குத் திறப்பாங்க?" என்று கேட்டாள்.

* * *

பெரியவளுக்கு அப்படியே கிளம்பிவிட முடியவில்லை. பஸ் டிரைவர் ஒருவரின் கண்ணாடி பன்னிரண்டு மணிக்குத் தருவதாகச் சொல்லியிருந்தது. கண்ணாடி இல்லாமல் அவர் வண்டி எடுக்க முடியாது. அம்மாவைக் கடையில் வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனாள். தம்பி கடைக்குள் வரவில்லை. எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று போனைக் காதில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தான். யாருக்கு அடிக்கிறான் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

லென்ஸின் நடுப்புள்ளியைக் குறித்தாள். சாணைச் சக்கரத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட விளிம்பைத் தேய்த்தாள். ஃபிரேமைச் சூட்டில் காட்டி இளக்கி, கட்டை விரலால் ஓர் அழுத்து. 'டக்'கென்று உட்கார்ந்தது. கை வேலையைச் செய்தது, காது வெளியே இருந்தது.

சுவர் டிவியில் செய்தி. வட்டியை மறுபடியும் ஏற்றிவிட்டார்கள், இந்த வருஷத்தில் ஆறாவது முறை.

"அம்மா, நான் சொல்றதைக் கேளுங்க. இப்ப மட்டும் வித்துடாதீங்க," என்றார் முதலாளி. பங்குச் சந்தை விழ ஆரம்பித்ததிலிருந்து ஊரில் எல்லாருமே நிபுணராகிவிட்டார்கள், அவரும்தான். "இதுக்கு மேல விழ இடமே இல்ல. தரை தட்டிடுச்சு."

முந்நூறு வந்தபோதும் அவருக்குத் தரை தட்டியது. இருநூற்றறுபதிலும் தட்டியது. அவருடைய கட்டடத்துக்கு மொத்தம் எத்தனை தரை என்று பெரியவளுக்குத் தெரியவில்லை.

அதற்குள் டிரைவர் வந்துவிட்டார். "நீங்க வேற! என் மச்சான் எல்லாத்தையும் வித்து டெபாசிட்ல போட்டுட்டான். மாசாமாசம் வட்டி வருது, கால்மேல கால் போட்டு உக்காந்திருக்கான். வித்துடுங்கம்மா."

"உங்க மச்சான் எப்ப வித்தார்?" என்று கேட்டாள் அம்மா.

"அது... போன வருஷம்."

"போன வருஷம் எனக்கு யாரும் சொல்லலையே," என்றாள் அம்மா. டிரைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுவரில் இருந்த எழுத்துப் பலகையைப் படிப்பதில் மும்முரமானார்.

போன வருஷம் விற்றிருந்தால் ஏழு லட்சத்துக்கு மேல் வந்திருக்கும். பெரியவள் மனசுக்குள் இந்தக் கணக்கைப் பல தடவை போட்டுப் பார்த்தவள்தான். இன்றைக்கும் போட்டாள். ஏழு லட்சம் நாலு லட்சமாகியிருக்கிறது. அப்பாவைப் பதினொரு மாதம் உயிரோடு வைத்திருந்ததற்கு ஆன செலவு மூன்று லட்சம்.

"அவர் சொல்வார்," என்றாள் அம்மா, முதலாளியைப் பார்த்து. "ஏறும், இறங்கும், நடுவுல நின்னாதான் என்னைக் கூப்பிடணும்னு. லிஃப்டைச் சொல்றாரா பங்கைச் சொல்றாரான்னு எனக்குக் கடைசி வரைக்கும் புரியல."

முதலாளி சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். உள்ளே சாணைச் சக்கரத்துக்குப் பின்னால் பெரியவளுக்குத்தான் கண் முட்டிக்கொண்டு வந்தது. சக்கரத் தண்ணீர் தெறித்ததாக ஒரு பாவனை செய்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

* * *

பங்குத் தரகு ஆபீஸ் மூன்றாவது மாடியில் இருந்தது. கீழ்த்தளத்தில் வங்கி. மூவரும் லிஃப்டில் ஏறினார்கள்.

பழைய லிஃப்ட். உள்ளே பொத்தான்களுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு அட்டை செருகியிருந்தது. மாதா மாதம் லிஃப்டைச் சோதித்த மெக்கானிக் தேதி போட்டுக் கையெழுத்திடும் அட்டை. லிஃப்டில் போகிற ஆயிரம் பேரில் ஒருத்தர்கூட அதைப் படிக்க மாட்டார்கள். அம்மா படித்தாள்.

கொக்கி போட்டு ஆரம்பித்து, கீழே நீளமாக ஒரு கோடு இழுத்து முடியும் கையெழுத்து. அப்பாவுடையது. வரிசையாக ஆறு மாதம் அதே கொக்கி, அதே கோடு. ஆறாவதுக்குக் கீழே வேறு கையெழுத்து. உருண்டையாக, சின்னதாக, யாரோ ஒருவருடையது. அதற்குக் கீழே அதே உருண்டை. அதற்குக் கீழும்.

அம்மா விரலை வைத்து எண்ணிக்கொண்டே வந்தாள். பெரியவளும் கூடவே மனசுக்குள் எண்ணினாள். பதினொன்று.

மூன்றாவது மாடி வந்தது. கதவு திறந்தது. அம்மா இறங்கவில்லை. கதவு கொஞ்ச நேரம் காத்திருந்து மூடிக்கொண்டது. யாரோ கீழே அழுத்தியிருக்க வேண்டும், லிஃப்ட் இறங்கியது, இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு மறுபடி மேலே வந்தது. தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். பெரியவள் அவன் கையைப் பிடித்து அழுத்தினாள்.

கதவு திறந்தது.

"லிஃப்ட் நல்லாத்தான் ஓடுது," என்று சொல்லிவிட்டு அம்மா இறங்கினாள்.

கவுண்டரில் ஒரு இளம்பெண் இருந்தாள். காலையிலிருந்து பயந்தவர்களையும் கோபக்காரர்களையும் சமாளித்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

"யார் பேர்ல இருக்கும்மா கணக்கு?"

"என் வீட்டுக்காரர் பேர்ல."

"அவர் வந்திருக்காரா?"

பெரியவள் முன்னால் நகர்ந்தாள், தான் சொல்லிவிடலாம் என்று. அம்மா கையை நீட்டித் தடுத்தாள்.

"இறந்துட்டார்," என்றாள். "பதினொரு மாசம் ஆச்சு."

கவர் கிழிக்கப்பட்டது. அந்தப் பெண் சான்றிதழைப் பார்த்துத் தட்டச்சு செய்தாள், திரையைப் பார்த்தாள், நிறுத்தினாள். "அம்மா, இன்னைக்குக் காலைலகூட..."

"தெரியும்மா. இருபத்தி மூணு."

அந்தப் பெண் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு மெதுவாகப் பேசினாள். "இறந்த தேதிக்கு அப்புறம் வாங்கினதை மட்டும் தனியா விசாரிப்பாங்க. மத்தது பிரச்சனை இல்ல. ஆனா இப்ப நான் இதைப் பதிவு பண்ணிட்டா, வாரிசு கைக்குப் போற வரைக்கும் வாங்கவும் முடியாது, விக்கவும் முடியாது. பண்ணட்டுமா?"

"பண்ணு," என்றாள் அம்மா.

ஒரு பொத்தான். அவ்வளவுதான். பெரியவளுக்கு மருத்துவமனை வராந்தாவில் நின்ற அந்தச் சாயங்காலம் திரும்பி வந்தது. அன்றைக்குக்கூட இவ்வளவு அமைதியாக நடக்கவில்லை.

"சார் நாமினி பேர் போட்டிருக்கார், அது நல்லது," என்றாள் அந்தப் பெண். "அவங்க நேர்ல வந்து கையெழுத்துப் போட்டா பத்து நாள்ல முடிஞ்சிடும். வேற யாராவது கேட்கணும்னா கோர்ட்டு, வாரிசுச் சான்றிதழ்னு மாசக் கணக்கா இழுக்கும்."

"நாமினி நான்தானே?"

அந்தப் பெண் திரையைத் திருப்பிக் காட்டினாள். "மருமகள்னு போட்டிருக்கும்மா."

பெரியவளுக்குச் சுருக்கென்றது, பொய் சொல்வானேன். கடைசி நாட்களில் அப்பாவை ராத்திரி பகல் பாராமல் பார்த்துக்கொண்டது இவள். அப்பாவுக்கு இவள் பெயர் தோன்றவில்லையா? திரும்பித் தம்பியைப் பார்த்தாள். அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. எங்க அப்பா சம்பாதிச்சதைத் தொட நீ யாரு? அந்த வார்த்தை இப்போது இவர்கள் நடுவில் நாலாவது ஆளாக வந்து நின்றது.

"அவதானே போன்ல வாங்கச் சொல்லிக் கொடுத்தா," என்றாள் அம்மா யாரையும் பார்க்காமல். "வாங்க மட்டும் சொல்லிக்கொடு டீச்சர், விக்கிறதை நீயே வெச்சுக்கோ, எங்க வீட்ல யாருக்கும் மனசு வராதுன்னு சொல்லிட்டிருந்தார். தமாஷ்னு நினைச்சேன்."

பெரியவள் மூச்சை இழுத்து விட்டாள். அப்பாவுக்கு இவள் பெயர் தோன்றாமல் இல்லை. தெரிந்துதான் டீச்சர் பெயரைப் போட்டிருக்கிறார். பதினொரு மாதமாக இந்த வீட்டில் யார் விற்கச் சொன்னது, யார் விற்க விடாமல் உட்கார்ந்திருந்தது?

"வங்கிப் பாஸ்புக் காப்பி ஒண்ணு வேணும்," என்றாள் கவுண்டர் பெண். "கீழயே மெஷின் இருக்கு, பதிஞ்சு எடுத்துட்டு வந்துடுங்க."

* * *

கீழே இருந்த அதே வங்கியில்தான் கணக்கு, அப்பா, அம்மா இருவர் பெயரிலும் இருந்தது. அம்மா பையில் எடுத்து வந்திருந்த பாஸ்புக்கை ஒரு வருஷமாக யாரும் பதியவில்லை. மெஷின் அதை உள்ளே இழுத்துக்கொண்டு கரகரவென்று அடித்தது, பக்கம் திருப்பச் சொன்னது, மறுபடி அடித்தது. பெரியவள் மெஷினை ஒட்டி நின்றாள். தன் பெயர் அதில் பதினொரு தடவை வரும். அம்மா பார்த்துவிடுவாள்.

புத்தகம் வெளியே வந்தது. முந்திக்கொண்டு எடுத்தாள். முதலில் கண்ணில் பட்டது மீதித் தொகை. ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்.

மெஷினுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா? அவள் போட்ட ஐயாயிரம் ஏழாம் தேதி போய்விடும். மீதி ஒரு சில ஆயிரம்தானே இருக்க வேண்டும்?

மேலிருந்து படித்தாள். இரண்டாம் தேதி, வரவு ஐயாயிரம், அவள் பெயர். நாலாம் தேதி, வரவு ஐயாயிரம், தம்பியின் பெயர்.

அடுத்த மாதமும் அப்படியே. அதற்கடுத்த மாதமும்.

"டேய்," என்றாள்.

தம்பி எட்டிப் பார்த்தான். அவள் பெயரைப் பார்த்தான், தன் பெயரைப் பார்த்தான். "நீயுமா?" என்றான். "அம்மா தாங்க மாட்டாங்கன்னு..." பட்டறை வாடகை பாக்கி, தவணை பாக்கி, வண்டியைச் சர்வீஸுக்கு விட்டிருக்கிறேன் என்று பொய் சொல்லிவிட்டு நடந்தே திரிகிறவன். இவன் ஐயாயிரத்துக்கு எங்கே போனான்? கேட்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

"ஐயோ பைத்தியங்களா," என்றாள் அம்மா. "எனக்குத் தெரியாதா? கணக்குல பணம் இல்லாம யாரால வாங்க முடியும்? போடறது ஒருத்தரா ரெண்டு பேரான்னுதான் தெரியாது."

"தெரிஞ்சுமா ஒவ்வொரு மாசமும் படிச்சுக் காட்டுன?" என்று கேட்டாள் பெரியவள்.

"அந்த ஒரு நாள்தான் சின்னவன் வீட்டுக்கு வந்தான். நீ லேட்டா கடைக்குப் போனே. நாலு பேரும் ஒரே இடத்துல நின்னோம். உங்களுக்கு அது வேணும்னு நினைச்சேன். நிறுத்தச் சொன்னா உங்க அப்பாவை நானே அனுப்பிவிட்ட மாதிரி ஆகிடுமோன்னு..."

பெரியவளுக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம். அம்மாவுக்காகப் பிள்ளைகள், பிள்ளைகளுக்காக அம்மா. ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனத்தில்தான் மூன்று லட்சம் கரைந்தது, ஒரு வீடு ஏலம் வரை போனது.

"அக்கா," என்றான் தம்பி. அவன் விரல் பாஸ்புக்கில் ஒரு வரி கீழே இறங்கியது. "நீ ரெண்டாம் தேதி. நான் நாலாம் தேதி. அஞ்சாம் தேதி யாரு?"

அவள் கவனிக்கவே இல்லை. ஒவ்வொரு மாதமும் தம்பி பெயருக்குக் கீழே இன்னொரு ஐயாயிரம். சம்பளக் கணக்கிலிருந்து வந்தது. எதிரே டீச்சரின் முழுப்பெயர், வங்கி அடித்த கொட்டை எழுத்தில். பதினொரு மாதம், ஒன்றுகூடத் தவறவில்லை.

கடைசி வரியைப் பார்த்தான் தம்பி. இந்த மாதம் ஐந்தாம் தேதி. அவள் பையை எடுத்துக்கொண்டு போனது ஒன்றாம் தேதி.

அவன் வெளியே வந்து வங்கி வாசல் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். வங்கிக்கு வருகிறவர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு ஏறிப் போனார்கள். பெரிய ஆம்பளை ஒருவன் கையில் பாஸ்புக்கோடு குலுங்கிக் குலுங்கி அழுவதை, இந்த நாட்களில், யாரும் விசித்திரமாகப் பார்க்கவில்லை. பங்கு விழுந்திருக்கும் என்று நினைத்திருப்பார்கள்.

"கூப்பிடுடா," என்றாள் பெரியவள்.

"எடுக்க மாட்டா. ஆறு நாளா அடிச்சுட்டு இருக்கேன். என்ன மூஞ்சியை வெச்சுக்கிட்டு கையெழுத்துக் கேக்கறது? நீ யாருன்னு கேட்டவன் நான்."

அம்மா தன் பைக்குள் கையை விட்டாள். அப்பாவின் போன். சார்ஜரிலிருந்து பிடுங்கி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள், காலையிலேயே, யாரிடமும் சொல்லாமல். 'டீச்சர்' என்று அப்பா பதிந்து வைத்திருந்த பெயரைத் தேடி அழுத்தினாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

அந்தப் பக்கம் திரையில் 'மாமா' என்று வரும் என்பது பெரியவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வேண்டாம் என்று சொல்ல வாய் திறப்பதற்குள் இரண்டாவது மணியிலேயே டீச்சர் எடுத்துவிட்டாள்.

எங்கோ பிள்ளைகள் கூச்சல். மதிய இடைவேளை போல.

"அத்தை," என்றாள் டீச்சர். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "இந்த மாசம் எத்தனை?"

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். "இருபத்தி மூணும்மா," என்றாள். அப்புறம், "இதான் கடைசி. மேல போய்ச் சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் மணி அடித்தது. பிள்ளைகளின் கூச்சல் அடங்கியது. டீச்சர் வகுப்புக்குப் போகவில்லை, போனையும் வைக்கவில்லை. அவள் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"அவர் பக்கத்துல இருக்காரா, அத்தை?"

அம்மா போனைத் தம்பியின் முன்னால் நீட்டினாள். அவன் கையைச் சட்டையில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டு அதை வாங்கினான்.